சகலையின் கஃப்லிங்க்

என் மனைவியின் தங்கை புருஷன், அதாவது என் சகலை, டில்லியில் ஒரு வெளிநாட்டுத் தூதர் மாளிகையில் வெகுகாலம் வேலை பார்த்தவன். துணி தேய்ப்பது, மேஜை போடுவது, துரைகளை விருந்துக்குத் தயார் செய்வது எல்லாம் அவன் பொறுப்பு. தூதர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவன் மாறவில்லை.

போன வருஷம் வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊர் பாரிவாக்கத்துக்கே வந்தபோது ஒரு சின்னத் தோல் பெட்டி கொண்டுவந்தான். உள்ளே ஒரு ஜோடி கஃப்லிங்க். முழுக்கைச் சட்டையின் கைப்பட்டியில் பொத்தானுக்குப் பதிலாகப் பூட்டுகிற நகை. தங்கத்தில் நீலக்கல், சுற்றிலும் பொடி வைரம். கடைசியாக இருந்த தூதரின் தாத்தாவும் தூதராம். ஏதோ பாலைவன நாட்டு ராஜா, இரு நாட்டு நட்புக்கு அடையாளமாக அவருக்குக் கொடுத்ததாம். பிள்ளை இல்லாத பேரன் ஊருக்குக் கிளம்பும்போது அதை என் சகலைக்குக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். மாமனார் வீட்டில் மூத்த மருமகன். மோட்டார் ரிப்பேரா, ஆஸ்பத்திரியா, முதல் போன் எனக்குத்தான் வரும். இப்போதும் வந்தது, ரிப்பேருக்கு மட்டும். உட்கார்ந்து பேச அவன் வேண்டியிருந்தது. ராஜா கதையை மாமனார் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார். அவன் பீற்றிக்கொண்டாலாவது மனசுக்குள் திட்டித் தீர்த்திருப்பேன். அதுவும் இல்லை. யார் கேட்டாலும் கையிலேயே எடுத்துக் கொடுத்தான்.

மச்சினன் மகள் கல்யாணம் மாங்காட்டில் நடந்தது. மண்டபத்து அறையில் நான் வேட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். புதுசாகத் தைத்த வெள்ளைச் சட்டை, கைப்பட்டி இரண்டும் பிரிந்து தொங்கின.

"அண்ணாத்தே, ஒத்தக் கையால போட வர்ல. கொஞ்சம் மாட்டி வுடு."

மறுக்க முடியவில்லை. குனிந்து, ஓட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி, ராஜா வீட்டுத் தங்கத்தைச் செருகினேன். என் நகக்கண்ணில் இருந்த ஆயில் கறை அந்த வெள்ளைத் துணியில் பட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. பட்டால்தான் என்ன என்றும் தோன்றியது. படவில்லை.

மண்டபத்தில் அவனைச் சுற்றி ஒரே கூட்டம். போட்டோகிராபர் அவன் மணிக்கட்டை மட்டும் தனியாகப் படம் எடுத்தார். அந்தப் பக்கம் வந்த என் மனைவி, "இன்னா, மூஞ்சி இப்டி கீது?" என்றாள். வெயில் என்றேன். ஏசி மண்டபம் அது.

சாப்பாடு முடிந்து கழற்றவும் என்னிடமே வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். ஒன்றைக் கழற்றியிருப்பேன், மெதுவாகச் சொன்னான்.

"இத்தினி வருசமா தொரைங்க கைல நான்தான் மாட்டி வுட்டுகினு இருந்தேன் அண்ணாத்தே. என் கைல ஒருத்தர் மாட்டி வுட்டது இன்னிக்குதான்."

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஏதோ செய்தது. உனக்கு நல்லா இருந்துச்சு என்றேன். பொய் இல்லை, நிஜமாகவே அவனுக்கு நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

அடுத்த வாரம் பூந்தமல்லியில் ஒரு தையல் கடைக்குப் போய் முழுக்கைச் சட்டைக்கு அளவு கொடுத்தேன். கைப்பட்டி எப்படி வேண்டும் என்று தையல்காரர் கேட்டார். கஃப்லிங்க் மாட்ட ஓட்டை என்று சொல்ல வாயெடுத்து, பொத்தான் வைத்தே தைக்கச் சொன்னேன்.