தகரத்தின் மேல் பாதிக் கற்கள்

எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து மைதானம். மேலே உச்சியில் இருக்கும் பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். அங்கே தங்க வருகிறவர்களில் சிலர் ஹெலிகொப்டரில் வந்து மைதானத்தில் இறங்குவார்கள். பக்கத்தில் கல்லூரி இருப்பதால் இந்தப் பக்கம் எல்லோரும் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டி மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நாங்களும் ஒன்று கட்டினோம். வீட்டுக்கு ஓடு, அறைக்குத் தகரம். தகரம் காற்றில் போகாமலிருக்க, லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த யாரும் செய்வதைத்தான் செய்தோம். மேலே கற்களை ஏற்றினோம்.

ஆசிரியர் பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்கள் அதில் இருந்தார்கள். மூத்தவளின் அப்பா வலப்பனையிலிருந்து அவளைக் கொண்டுவந்து விட்டபோது கூரையைப் பார்க்கவில்லை. என் இடுப்பிலிருந்த மகளைத்தான் பார்த்தார். "நீங்களும் பிள்ள வச்சிருக்கீங்க. ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றார். அதற்குப் பிறகு மழை சற்றுப் பலமாகப் பெய்தாலும் எழுந்துபோய் அவர்கள் கதவருகே நிற்பேன்.

ஒருநாள் மைதானத்துக் காவல்காரர் ஏறி வந்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு ஹெலி வருது தங்கச்சி. கொடியில கெடக்குற உடுப்ப எடுத்துருங்க. அந்தக் கல்லுங்களையும் எறக்கிருங்க. பறந்துச்சுன்னா யாரு தலையில விழும்னு சொல்ல ஏலாது."

கொழும்பில் வேலை செய்யும் கணவரை அழைத்தேன். பிறகு மறுபடியும் அழைத்தேன்.

"அவரு சொன்னா எறக்கு. காத்தடிச்சா ஏத்து. இதுக்கு எத்தன தரம் போன் பண்ணுவ?"

மறுநாள் காலை மகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஏணியில் ஏறிக் கற்களை இறக்கினேன். பத்து மணி ஆனது. பனி மூடியே கிடந்தது. பனி விலகினால்தான் வரும் என்றார் காவல்காரர். மதியத்துக்குப் பிறகு காற்று கிளம்பித் தகரம் படபடத்தது. இளையவள் கல்லூரிக்குப் போயிருந்தாள். மூத்தவள் கட்டிலில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு அட்டையில் ஒரு கடிகாரம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன்.

"அக்கா, ஒரு எடத்துல நில்லுங்க. எனக்கே தல சுத்துது."

இனி ஹெலி வராது என்று நினைத்தேன். வந்துவிட்டால் என்றும் நினைத்தேன். கடைசியில் கட்டிலுக்கு நேர் மேலே உள்ள பக்கத்தில் மட்டும் கற்களை ஏற்றினேன். மைதானத்துப் பக்கத்தை வெறுமனே விட்டேன். காற்றுக்கும் ஹெலிக்கும் சேர்த்து வழி கண்டுபிடித்துவிட்டதாக எனக்குள் ஒரு திருப்தி.

பனி சட்டென்று விலகியது. சத்தம் கேட்டது.

மகளைத் தூக்கிக்கொண்டு அறைக்கு ஓடினேன். "வெளிய வா!"

"முள்ள மட்டும் ஒட்டிட்டு வாறேன் அக்கா."

கையைப் பிடித்து இழுத்துவந்தேன். சமையலறைக் கதவு நிலையில் மூவரும் ஒட்டி நின்றோம். கல் இல்லாத பக்கம் பானை மூடிபோல எழும்பியது. தகரம் வளைந்தது, ஆணிகள் பிடுங்கிக்கொண்டன, கற்கள் சரிந்தன. இரண்டு முற்றத்தில் விழுந்தன. ஒன்று உள்ளே விழுந்தது.

போய்ப் பார்த்தோம். கட்டிலில், அட்டைக் கடிகாரத்தின் மேல் அந்தக் கல் கிடந்தது.

அவள் சிரிக்கப் பார்த்தாள். "அப்பாகிட்ட சொல்லிறாதீங்க அக்கா. வந்து கூட்டிட்டுப் போயிருவாரு."

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. மகளுக்குச் சோறூட்டும்போதும் அதையே நினைத்தேன். இவளும் பிறகு ஒருநாள் எங்கோ படிக்கப் போவாள், யாரோ ஒருத்தியின் கூரைக்குக் கீழே தூங்குவாள். கை கழுவியதும் மூத்தவளின் அப்பாவை அழைத்தேன். பாதிக் கற்களை ஏற்றியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம வாறேன்" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதுவரை இரண்டு பெண்களையும் வீட்டுக்குள் எங்கள் அறையில் படுக்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் தேநீரைக்கூடக் குடிக்காமல் ஏணியைக் கேட்டார். மேலே போய் ஒவ்வொரு தகரத்தையும் ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"எங்க வூட்லயும் கல்லுதாம்மா. நான் மட்டும் என்ன கண்டேன்? ஆணி பத்தாது, போல்ட் போடணும். போட்டு முடிக்கிற வரைக்கும் பிள்ள ஒங்க ரூம்லயே படுக்கட்டும்."

போல்ட் போட்டாகிவிட்டது. கற்கள் வேலியோரம் குவிந்து கிடக்கின்றன. காற்றடித்தால் இப்போதும் வெளியே வந்து கூரையைப் பார்க்கிறேன், பிறகு அந்தக் கற்களையும்.