பெருவிரல் பொத்தான்

அபூதாஹிரின் வலக்கை சிறிய அரத்தால் ஒரு பொத்தானின் பிளாஸ்டிக் விளிம்பைத் தேய்க்கிறது; இடக்கைப் பெருவிரல் இடையிடையே அதைத் தடவிப் பார்க்கிறது. சாம்பல்நிறத் தூள் உடுத்திருக்கும் சாரத்தில் உதிர்கிறது.

"பொத்தான் கூரா இரிந்தா விரல் அதப் பகைச்சிரும்."

திருகோணமலையில், மீன்சந்தைக்குப் போகும் ஒழுங்கையில் கணினி திருத்துகிற அபூதாஹிர் மவுஸ் விற்பதாகச் சொன்னால் கோபப்படுவார். அவர் பொருத்துகிறவர். விலை கேட்டால் காதில் விழாது. "கையக் காட்டுங்க" என்பார். கைரேகை பார்க்கிறவர்போல உள்ளங்கையைப் புரட்டிவிட்டு, வந்தவரைக் கண்ணை மூடச் சொல்லி, மூன்று மவுஸ்களை ஒவ்வொன்றாகக் கைக்கடியில் நகர்த்துவார். "வடிவப் பாத்தா ஏமாந்துபோவீங்க. கை பாக்கட்டும்."

அதற்குப் பிறகுதான் அவருடைய கிறுக்கு. வந்தவர் மும்முரமாக வேலை செய்யும்போது, முதுகுக்குப் பின்னால் ஒரு சட்டிமூடியைச் சீமெந்துத் தரையில் போடுவார். இது 2007, யுத்தகாலம். சத்தம் கேட்டால் இந்த ஊரில் எந்தக் கையும் இறுகும். அப்போது பெருவிரல் எந்தப் பொத்தானில் விழுகிறதோ அதற்கு 'சேவ்' வேலையைக் கொடுத்துவிடுவார். சத்தத்துக்குப் பின்னாலேயே கரண்டும் போய்விடுகிறதே!

"பயத்துக்கும் ஒரு வேல குடுக்கணும்."

அச்சகத்தில் கலியாண அழைப்புக் காட் அமைக்கும் புஸ்பராணி போன கிழமை வந்தார். பழைய மவுஸால் பெருவிரலடி வீங்கியிருந்தது. இரண்டு தரம் கரண்ட் போய், செய்த காட் அழிந்திருந்தது. முதலாளி வேறு ஆள் தேடுகிறாராம்.

"இன்னொருக்கா அழிஞ்சால் எனக்கு அந்தக் கதிரை இல்லை, நானா" என்றார், அண்ணனிடம் முறையிடுவதுபோல.

பக்கவாட்டில் பொத்தான் வைத்த தடிப்பான மவுஸில் அவர் கை தானாக அமர்ந்தது. அபூதாஹிர் மூடியைப் போட்டார்.

உட்கார்ந்திருந்த கதிரையில் புஸ்பராணி இல்லை. பெருவிரல் பக்கப் பொத்தானில் பதிய, மவுஸை இறுக்கிப் பிடித்தபடி மேசைக்கடியில் குந்தியிருந்தார். வயர் கணினியிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடவே போயிருந்தது.

"என்ன புள்ள, அங்கயா போறது?"

"பின்னை? சின்னனில இருந்தே இப்பிடித்தான். நீங்கள் ஏன் மூடியைப் போட்டனீங்கள்?"

"கையப் பாக்க."

"கை கிடக்கட்டும். நெஞ்சு நிண்டிட்டுதோ எண்டு பாருங்கோ!"

அபூதாஹிரின் முகம் சுருங்கியது. "கைய மட்டும் அளந்திட்டன். ஆள் போற தூரத்த அளக்கல்ல" என்று முணுமுணுத்தபடி தானும் மேசைக்கடியில் நுழைந்து, அங்கிருந்து கணினிவரை முழம் போட்டார். பிறகு வயரை வெட்டி, நீளமாக்கி ஒட்டினார். இன்று அவர் தேய்ப்பது அந்த மவுஸில் 'சேவ்' வேலை கொடுத்த பக்கப் பொத்தானைத்தான்.

புஸ்பராணி வந்து, டிஸ்க்கில் கொண்டுவந்த அழைப்புக் காட்டைத் திரையில் திறந்து, மாப்பிள்ளையின் பெயருக்குக் கீழே பெண்ணின் பெயரை அடித்தார். பூவேலை போட மவுஸைப் பிடித்தபோது துறைமுகப் பக்கம் கடற்படை தண்ணீருக்குள் போட்ட வெடியொன்று முழங்கியது. கதிரை காலியானது. இம்முறை வயர் எட்டியது. மேசைக்கடியிலிருந்து 'டக்' என்றொரு சத்தம் வந்தது. பிறகு கரண்ட் போனது.

அது திரும்பி வரும்வரை அபூதாஹிர் விசிறிமட்டையால் தனக்குக் கொஞ்சம், மேசைக்கடிக்குக் கொஞ்சம் என விசிறிக்கொண்டிருந்தார். கணினி விழித்ததும் மேசைக்கடியிலிருந்து மவுஸை வாங்கி, கலியாணக் காட்டைத் திறந்தார்.

"பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் இரிக்கிறாங்க. வெளிய வாங்க புள்ள."

"இன்னொண்டு போடுவாங்கள். நான் வரேல்லை."

அபூதாஹிர் மவுஸைக் கணினியிலிருந்து கழற்றினார். வயரைச் சுருட்டி நூலால் கட்டினார். சாரத்தை மடித்துக்கொண்டு முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும் மவுஸை மேசைக்கடியில் இருந்த புஸ்பராணியிடம் நீட்டினார்.