விழுங்கிய இருமல்

காய்ந்த புகையிலையின் வாசம் எனக்கு மூக்கில் நிற்பதில்லை. அது நேரே தொண்டைக்குள் இறங்கி, அங்கே பழைய கிச்சுகிச்சு ஒன்றைக் கிளப்பிவிடும்.

பதின்மூன்றாவது வயதில் ஒரு கோடை முழுவதும் எங்கள் தோட்டத்தில் புகையிலை பதப்படுத்தும் புகைக்குடிலின் பரணில், கட்டிவைத்த சிப்பங்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவோடு தோட்ட வேலைக்கு வந்தவன் நான். வயதுக்கு மிஞ்சி வளர்ந்திருந்ததால், "றவுண்டப்" என்று ஊரைச் சுற்றி வளைத்து ஆமிப் பட்டாளம் இளம் பெடியன்களை ஏற்றிக்கொண்டு போன அந்த நாட்களில், பகலில் என்னை வீட்டில் வைத்திருக்க அம்மா பயந்தார். பரணில் தூசி தொண்டையை அரிக்கும். உடுத்திருக்கும் சாரத்தின் ஓரத்தைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடிக்க வேண்டும் என்று அவர்தான் காட்டித் தந்தார்.

"இருமல் வந்தால் விழுங்கு மோனை. சத்தம் கேட்டால் நீ மட்டுமில்லை, உன்ரை அப்பாவும் போவார்" என்பார்.

ஒருநாள் சப்பாத்துக் கால்களின் சத்தம் குடிலுக்குள்ளேயே வந்தது. யாரோ தடியால் சிப்பங்களைக் குத்திப் பார்த்தார்கள். கண்ணீர் வழிய வழியச் சாரத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அவர்கள் போய்விட்டார்கள், ஆனால் அதற்குப் பிறகு என் இருமல் வெளியில் கேட்டதேயில்லை. டென்மார்க் வந்து, ஒடென்சேயில் முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைத்த பிறகும் அப்படித்தான். "கள்ளன் மாதிரி இருமுறியள்" என்று மனைவி பகிடி பண்ணுவாள்.

எங்கள் இல்லத்தில் மிரியம் என்ற யூத மூதாட்டி இருந்தார். தொண்ணூறைத் தாண்டியவர். போன மாரிக் குளிரில் அவருக்குச் சளி பிடித்தது. அங்கே தாதியாக இருப்பவள் இங்கே பிறந்த எங்கள் ஆட்களின் பிள்ளை; ஒரு காலை என்னை நடைகூடத்தில் மறித்தாள்.

"அங்கிள், மிரியமுக்கு நெஞ்சில சளி கட்டிட்டுது. இருமித் துப்பச் சொன்னா விழுங்கிறா. பின்னேரம்வரைக்கும் பாத்திட்டு ஹொஸ்பிட்டலுக்கு அனுப்பத்தான் வேணும்."

மிரியம் எங்களிடம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த அறையிலிருந்து தன்னை வேறெங்கும் கொண்டுபோக வேண்டாம் என்று.

தேநீரோடு உள்ளே போனேன். போர்வையின் ஓரத்தைச் சுருட்டிப் பல்லில் கடித்தபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தேநீரை மேசையில் வைத்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன். என் டேனிஷ் இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். நானும் இப்படித்தான் கடித்தேன் என்று சொல்லி, புகையிலையையும் சாரத்தையும் சப்பாத்துச் சத்தத்தையும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

அவர் போர்வையை வாயிலிருந்து எடுத்தார். தனக்கும் அப்போது பதின்மூன்று வயது என்றார். யூதர்களைப் பிடிக்க ஜெர்மன்காரர் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடற்கரையில் மீனவர் ஒருவரின் வலைக்கொட்டிலின் பரணில் தாயோடு ஒளிந்திருந்தாராம். வலைக்குப் பூசிய தாரின் நெடியில் இருமல் வருமாம். சுவீடனுக்குப் போகும் படகு வரும்வரை மூச்சுக் காட்டக் கூடாது.

"எனக்குக் கடிக்கத் துணி கிடைக்கவில்லை. அம்மாவின் கையைத்தான் கடித்தேன். அந்தத் தழும்பு அவருக்குக் கடைசிவரை இருந்தது."

சொல்லும்போதே நெஞ்சு கரகரத்தது. உடனே அவர் கண் கதவுக்குப் போனது.

நான் எழுந்து கதவை அகலத் திறந்துவிட்டேன். நடைகூடத்தில் ஒருவருமில்லை, யாரோ விட்டுப்போன தள்ளுவண்டி மட்டும் நின்றது. அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று ஒதுங்கி நின்றேன். பிறகு கட்டிலருகே வந்து, நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து கதைக்கக் கூசுகிற நான், முடிந்த மட்டும் சத்தமாக இருமினேன். வெட்கத்தில் காது சுட்டது. இரண்டாம் தரம் இருமியபோது அவரும் சேர்ந்துகொண்டார். துப்பக் கிண்ணத்தைப் பிடித்தேன். கட்டில் குலுங்கியது.

பக்கத்து அறைக் கிழவர் கத்தினார்: "யாரது, கட்டடத்தை இடிக்கிறது?"

மிரியம் வாயைத் துடைத்துக்கொண்டு, அதுவரை நான் கேட்டிராத குரலில் பதில் சொன்னார்: "நான்தான். மிரியம்."

ஆஸ்பத்திரி வண்டி தேவைப்படவில்லை. வசந்தம் வந்த பிறகு, தன்னுடைய கட்டிலிலேயே கண்ணை மூடினார். அந்த அறை ஜன்னலில் இப்போது வேறு யாருடையவோ திரைச்சீலை. எங்கள் புகைக்குடிலும் இல்லை. அந்த இடத்தில் பற்றை மூடிக் கிடக்கிறது என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன கிழமை எனக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஓடியது. கூடத்தில் இருந்து வாய்விட்டு இருமினேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்க்காமலே கேட்டாள்: "ஆர் வந்திருக்கினம்?"

"நான்தான்" என்றேன்.