ராஜாவின் கன்னத்தில் கத்தி

வாங்கிய காசை மரக்கட்டையில் வைத்து, கத்தி முனையால் ராஜாவின் கன்னத்தில் ஒரு கீறல். பிறகு இரு கட்டைவிரல்களாலும் ஒரு நெம்பு. நல்ல வெள்ளி வெண்ணெய் போல வளைந்து கொடுக்கும். செம்பு கலந்தது வெடித்து உள்ளே சிவப்பைக் காட்டும். இரண்டிலும் தேறினால்தான் குன்வோர் கம்பத்திலிருந்து கருவாட்டை இறக்குவாள்.

வடதேசத்து நிடரோஸ் நகரின் ஆற்றுத்துறைச் சந்தையில் அவள் தோளும் அகலம், குரலும் அகலம். பேரம் பேசினால் காது மந்தம். காசு விழும் ஓசை மட்டும் துல்லியமாகக் கேட்கும். பளபளக்கும் எதைக் காட்டினாலும், “வெளுத்ததெல்லாம் பாலாடா?” என்பாள்.

இந்த ஆண்டின் புதுக்காசில் ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் மும்முனை முடிச்சு. அழகான வேலைதான், குறை சொல்ல முடியாது. “கிரீடத்த எம்மாம் பெருசா போட்டிருக்கான் பாரு! வெள்ளியெல்லாம் அதுக்கே செலவாயிருச்சு போல” என்று சிரிப்பாள். ஆனால் அவளுக்கு மீன் தரும் வடதீவுக்காரர்கள் வெள்ளியை எடை போட்டு, தாங்களும் கீறிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். செம்பை நீட்டினால் அடுத்த பருவம் அவர்களுடைய படகு அவளிடம் வராது. அரண்மனைக்கு இதெல்லாம் எங்கே உறைக்கப் போகிறது?

போன வாரம் கட்டளை வந்தது: புதுக்காசை யாரும் கீறக் கூடாது, வளைக்கக் கூடாது, மீறினால் கடை பறிபோகும். சொல்ல வந்த சந்தை அதிகாரி ஓர்ம், சொன்ன கையோடு ஒரு கட்டுக் கருவாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மரக்கட்டையில் புதுக்காசு ஒன்றை வைத்தான். குன்வோரின் கை கத்திக்குப் போனது.

“வேணாங்க்கா. அது ராஜாவோட முகம்.”

“இருக்கட்டுமே தம்பி. கீறுனா வெள்ளிதானே தெரியப் போவுது? ஒனக்கு எதுக்கு வேர்க்குது?”

ஓர்ம் கத்தியைப் பிடுங்கிக்கொண்டான். பக்கத்துக் கடை வெண்ணெய்க்காரி ஹல்லா குன்வோரின் சால்வையை இழுத்தாள். “விட்டுத் தொலைக்கா, கடை போயிரும்.”

“செம்ப வாங்கிப் போட்டா மட்டும் நிக்குமாடி?”

குன்வோருக்குப் பயம் இல்லாமல் இல்லை. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. காசை எடுத்தாள். ஓர்மின் கண்ணைப் பார்த்தபடியே ராஜாவின் தலையைப் பல்லிடுக்கில் கொடுத்து மடக்கினாள். படக்கென்று வெடித்தது. உள்ளே சிவப்பு.

அதை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். பிறகு அவன் தோளிலிருந்த கருவாட்டை இறக்கி, நிதானமாக, பழைய கம்பத்திலேயே மாட்டினாள்.