வலது கைக்கு அடியில் வரும் இடம்

இடது கை தோலை இழுத்துப் பிடித்தது. வலது கை கத்தரியின் கூர்முனையைச் சிக்குக்குள் செலுத்தி, முடி வளரும் திசையிலேயே நீளவாக்கில் கிழித்தது. குறுக்கே வெட்டக் கூடாது. குறுக்கே போனால் எது முடி, எது தோல் என்று கத்தரிக்குத் தெரியாது. ஒரு கிழிசல், இரண்டு, மூன்று. பிறகு விரல்கள் அந்தக் கீற்றுகளைப் பிரிக்கப் பார்த்தன. பிரியவில்லை. நனைந்து காய்ந்த கம்பளி மாதிரி இறுகிக் கிடந்தது. மேசைமேல் நின்ற நாய் தலையைத் திருப்பி அந்தக் கையையே பார்த்தது.

மணி ஒன்றேகால். நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

அந்தக் கைகளுக்கு உரியவளைத் தெருவில் எல்லோரும் சீப்பக்கா என்பார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கால்நடை டாக்டரின் கிளினிக்கில் தரை துடைக்கப் போனவள். நாய் குளிப்பாட்டுகிறவர் வராத நாட்களில் கை கொடுத்து, கடி வாங்கி, நாலைந்து நாய்களுக்கு, வளர்த்தவர்களே அடையாளம் தெரியாமல் விழிக்கும்படி முடியை வெட்டிக் கெடுத்துத்தான் தொழிலைக் கற்றாள். இப்போது வீட்டின் முன்னறையே கடை. ஏற்றி இறக்கும் மேசை, ஒரு தொட்டி, காற்றை ஊதி உலர்த்தும் மெஷின், முடி மழிக்கும் மெஷின். சுவரில் அவள் கையெழுத்தில் ஒரே வரி: முதலில் சீவு, பிறகு குளிப்பாட்டு. சிக்குப் பிடித்த நாய்மேல் தண்ணீர் பட்டால் சிக்கு சுருங்கித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நாய் கொண்டுவருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

இன்று காலை இந்த நாயைக் குளிப்பாட்டியவள் அவளுடைய மகள்.

"நீ ஆஸ்பத்திரியிலேருந்து வந்து கட்டை மாதிரி விழுந்து தூங்கினே. எழுப்ப மனசு வரல," என்றாள் மகள், நாயின் தாடையைத் தாங்கிப் பிடித்தபடி. "குளிப்பாட்டி வச்சா உனக்குப் பாதி வேலை மிச்சம்னு நினைச்சேன்."

"சுவத்துல என்ன எழுதியிருக்கு?"

"தெரியும்மா."

"எழுத்துக் கூட்டிப் படிச்சதே அதைப் பார்த்துத்தான் நீ."

"திட்டணும்னா திட்டு, கையை மட்டும் நிறுத்தாதே. மேஸ்திரி வேற முறைக்கிறான்."

மேஸ்திரி என்பது நாயின் பெயர். ஏழு வருடத்துக்கு முன்பு யாரோ கடையில் விட்டுவிட்டுத் திரும்பி வராமலே போன, டெரியர் ஜாதிச் சின்ன நாய். முழங்கால் உயரம்கூட இல்லை. மீசையும் தாடியுமாக, வீட்டில் யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் போய் நின்று மேற்பார்வை பார்க்கும். பெயர் வைத்தது அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக். "ஏற்கெனவே வீட்டுல ஒரு மேஸ்திரி இருக்கா, இன்னொண்ணு எதுக்கு?" என்று முதல் வாரம் முணுமுணுத்த மனிதர், இரண்டாவது வாரம் அதற்குத் தனியாகத் தலையணை வாங்கிவந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் வேலையிடத்தில் விழுந்தார். பக்கவாதம் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டது. பார்வையில் வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் விட்டுவைத்தது. பேச்சு குழறலாக வந்துகொண்டிருந்தது. போன வாரத்திலிருந்து அவர் சாப்பாட்டுக்கு வாயைத் திறக்கவில்லை. அவள் ஊட்டினாலும், மகள் கெஞ்சினாலும், உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். நாளைக் காலை மூக்கு வழியாகக் குழாய் போடப்போவதாக டாக்டர் சொன்னார். "போட்டா எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டாள். டாக்டர் தாளைப் புரட்டினார். அந்த ஏழு நாளில் கணவர் வாயிலிருந்து தெளிவாக வந்த சொல் ஒன்றுதான்: மேஸ்திரி.

வார்டின் பெரிய சிஸ்டர்தான் வழிவிட்டார். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. அரை மணி நேரம்தான். சுத்தமா இருக்கணும். சிக்கு, புண்ணு, ரத்தம் எதுவும் கூடாது. நானே தடவிப் பார்ப்பேன். சரியில்லைன்னா வாசலோட திருப்பி அனுப்பிடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரார் நாய்க்கெல்லாம் சீப்புப் போட்டவள், தன் வீட்டு நாயை மூன்று மாதமாகத் தொடவே இல்லை.

"மெஷினைப் போட்டு ஒட்ட மழிச்சிடேன்மா," என்றாள் மகள். "நாப்பது நிமிஷ வேலை. முடிதானே, வளரும்."

"உங்கப்பாவுக்குக் கண்ணு தெரியுதா?"

மகள் நாயின் தாடையை மாற்றிப் பிடித்தாள்.

"அவர் கையாலதான் பார்க்கணும். மழிச்சுட்டா இவன் அவருக்கு வேற யாரோ."

அது உண்மை. டெரியரின் மேல்முடி கம்பி போன்றது. உதிரும் பருவத்தில் விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி எடுத்தால்தான் அடுத்து வருவதும் கம்பியாக வரும். மழித்துவிட்டால் கையில் படுவது அடியிலிருக்கும் பஞ்சு மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் பூனை என்றுகூடச் சொல்லலாம். வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கணவரின் கை அளைந்தது அந்தக் கம்பிமுடியைத்தான்.

அவள் கணக்குப் போட்டாள். கால், வயிறு, வால் எல்லாம் மெஷினுக்கு. தாடியையும் முதுகையும் கையால் பிரித்துக் காப்பாற்றுவது. மெஷினில் ஒட்ட வெட்டும் பத்தாம் நம்பர் பிளேடை மாட்டினாள். பிளேடு சூடேறுகிறதா என்று நிமிடத்துக்கொரு தடவை தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். நான்கு கால்களிலிருந்தும் சிக்கு, காலுறை கழல்வதுபோல் முழுசாகக் கழன்று விழுந்தது. உள்ளே தோல் சிவந்து கிடந்தது. இத்தனை நாள் ஒவ்வோர் அடிக்கும் அது இழுத்திருக்கும். நாய் ஒரு சத்தம் காட்டவில்லை.

மணி இரண்டரை. முன்னங்காலின் அக்குளில் தோல் மடிந்து சிக்கோடு சுருண்டிருந்தது. அவசரம். மெஷின் அந்த மடிப்பைக் கவ்விவிட்டது. நாய் வீறிட்டது, அடுத்த நொடி அவள் பெருவிரலில் பல் பதிந்தது. ஏழு வருடத்தில் முதல் கடி.

"அம்மா, ரத்தம்."

"என்னுதா, அவனுதா?"

"ரெண்டு பேருதும்."

ரத்தம் நிறுத்தும் பொடியை நாயின் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அழுத்திய விரலை எடுத்தால் மறுபடி கசிந்தது. மகள் அவளுடைய பெருவிரலில் துணியைச் சுற்றினாள். ரத்தம் நின்றபோது மணி இரண்டே முக்கால் தாண்டிவிட்டது. முதுகுச் சிக்கில் கால்வாசிகூடப் பிரியவில்லை. கிளம்ப வேண்டியது மூன்று இருபத்தைந்துக்கு.

"நானே அவரைக் கொன்னுடுவேன் போலிருக்கு," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

"உளறாதேம்மா. எவ்வளவு இடம் மிஞ்சும், சொல்லு."

அந்தக் கேள்விதான் அவளை அசைத்தது. கண்ணை மூடிக் கட்டிலை நினைத்துப் பார்த்தாள். அவர் மல்லாந்து படுத்திருப்பார். அசையும் கை வலது கை. அந்தப் பக்கத்தில், அவர் முகத்தைப் பார்த்தபடி நாயைக் கிடத்தினால், உள்ளங்கை எங்கே விழும்? மகளின் கையைப் பிடித்து நாய்மேல் வைத்துப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் தொடங்கித் தோள்பட்டை வரை. ஒரு சாண்.

இடுப்பிலிருந்து தோள் வரை மெஷினை ஓட்டினாள். பழகிய கை கூசியது, ஓட்டினாள். மிச்சமிருந்த அரைமணி நேரத்தை அந்த ஒரு சாணில் போட்டாள். சிக்கு இளக மாவுப் பொடி தூவி, கீற்றுக் கீற்றாகக் கிழித்து, விரல் நுனியால் பிரித்து, சீப்பின் கடைசி இரண்டு பல்லால் மட்டும் இழுத்து. முடித்தபோது மேசைமேல் நின்றது ஒரு வேடிக்கை: முன்பாதி தாடிக்காரக் கிழவன், பின்பாதி உரித்த எலி. மகள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வார்டு வாசலில் பெரிய சிஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டு தடவினார். வயிறு, நகம், காது. அக்குளுக்கு வந்ததும் விரல் நின்றது.

"என்ன இது?"

"கீறல், சிஸ்டர். ரத்தம் நின்னு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு."

"நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

சிஸ்டர் அவளுடைய பெருவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார். "இப்படி ஒரு முடிவெட்டை நான் பார்த்ததே இல்லை," என்றார். "துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க. சீக்கிரம்."

கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் துணியை விலக்கி, நாயை வலது பக்கத்தில் இறக்கினாள். அவர் கையை எடுத்து வைப்பதற்குள் நாய் திமிறித் திரும்பியது. கை போய் விழுந்தது மழித்த இடுப்பில். விரல்கள் கொஞ்சம் துழாவின. பின்வாங்கின.

"யாரோட... நாய்?" என்றார்.

அவள் நாயைத் தூக்கித் திருப்பிக் கிடத்தி, அந்தக் கையைக் கழுத்தில் கொண்டுபோய் வைத்தாள். கை அப்படியே கிடந்தது. பிறகு விரல்கள் கம்பிமுடிக்குள் மெதுவாக ஊர்ந்து, காதுக்குப் பின்னால் ஓரிடத்தில் நின்றன. அவளும் சிஸ்டரும் தவறவிட்ட முடிச்சு, பட்டாணி அளவு. கட்டைவிரலால் அதை உருட்டிப் பார்த்தார். முகம் சுவரிலிருந்து திரும்பியது.

"இவனை நீ..." என்றார். மூச்சு வாங்கி மறுபடி தொடங்கினார். "சீவவே இல்லையா நீ?"

"இல்லைங்க," என்றாள். நாயின் வயிற்றுக்கு அடியிலிருந்த தன் கையை உருவிக்கொண்டு, மேஸ்திரியை முழுசாக அவரிடம் விட்டாள்.