பச்சைப் பொட்டு வைத்த திங்கட்கிழமைகள்

எங்கள் முதலாளியின் மருமகள் ஒரு வெள்ளைப் பலகையைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்த அன்று, முதலில் எரிச்சல்பட்டது நான்தான். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைக் கடை எங்களுடையது. எங்களுடையது என்றால், அதில் நான் வேலை பார்க்கிறேன், அவ்வளவுதான். மாடியில் முந்தானைக் குஞ்சம் முடிகிற, ஃபால்ஸ் தைக்கிற பெண்களுக்கு நான் பொறுப்பு. தை பிறந்துவிட்டால் கல்யாணச் சேலைகள் வந்து குவிந்துவிடும். தலைக்கு மேல் வேலை கிடக்கும்போதா மீட்டிங் போடுவார்கள்?

கீழே சேலை விரித்துக் காட்டும் மெத்தையில் எல்லோரையும் உட்கார வைத்தாள். சேல்ஸ் ஒரு டீம், வீடியோ காலில் வெளியூர்க்காரர்களுக்குச் சேலை காட்டுகிறவர்கள் ஒரு டீம், மாடி ஒரு டீம்.

"மூணு மாசத்துல உங்க டீம் எங்க போய்ச் சேரணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. போய்ச் சேர்ந்துட்டோமான்னு எத வெச்சுத் தெரிஞ்சுக்கறதுன்னும் நீங்களே சொல்லுங்க" என்றாள்.

சேல்ஸில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்லா விக்கணும் மேடம்."

"எவ்ளோ நல்லா?"

"ரொம்ப நல்லா."

அவளே சிரித்துவிட்டாள். ஆனால் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டு, டீமுக்கொரு குறிக்கோளை வாங்கிவிட்டாள். என் முறை வந்தபோது, "சொன்ன தேதிக்குச் சேலை கைக்குப் போவணும், வேற என்ன?" என்று வெடுக்கென்று சொன்னேன். அதை அப்படியே பெரிய எழுத்தில் எழுதினாள். நான் சொன்னது பலகையில் ஏறியதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் டீயோடு மாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருந்தவள். கல்யாணத்தோடு அந்த வேலையை விட்டிருக்கிறாள்.

"பங்குனி முகூர்த்தம் முடியற வரைக்கும் பாரு, சரிவரலன்னா வீட்டோட இருந்துக்கோன்னு மாமா சொல்லிட்டாரு அக்கா. வீட்ல எல்லாரும் நல்லவங்கதான். ஆனா சும்மா உக்காந்துக்கினு இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சுடும்."

எனக்கு அவள்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போன இடம் தெரியவில்லை.

திங்கட்கிழமைதோறும் கடை திறந்து சூடம் காட்டியதும், ஒவ்வொரு டீமும் பலகையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு வைக்க வேண்டும். சரியாகப் போனால் பச்சை, இழுத்தால் மஞ்சள், நடக்கவில்லை என்றால் சிவப்பு. வாரா வாரம் எல்லாம் பச்சை. அவள் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள்.

நடந்தது என்னவென்றால், எங்கள் கடையில் 'இல்லை' என்ற சொல்லையே யாரும் சொல்ல மாட்டோம். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வாடிக்கையாளர் கேட்ட நிறம் கைவசம் கிடையாதா, "நாளைக்கு வருதும்மா, அதுக்குள்ள இதப் பாருங்க" என்போம். பெட்டி காலியானால் "நிறைஞ்சிடுச்சு" என்போம். அப்படிப் பழகிய வாயும் கையும், சாமி படத்துக்கு எதிரே, விடிந்ததும் விடியாததுமாக, நடக்கவில்லை என்று ஒரு பொட்டை எப்படி ஒட்டும்? இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்றுகூட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மாடியில் நிலைமை மோசம். நன்றாகக் குஞ்சம் முடிகிற பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். சேலைகள் தேங்கிக் கிடந்தன. "எப்படிப் போவுது அக்கா?" என்று முதலாளியின் மருமகள் கேட்பாள். "ஆயிடும்மா" என்று பச்சையை ஒட்டுவேன். அதை நம்பி, மாகறலிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டாருக்கு அவளே தேதி கொடுத்துவிட்டாள்.

அந்தத் தேதியில் அவர்கள் வந்து நின்றார்கள். முகூர்த்தச் சேலை குஞ்சம் முடியாமல் மாடியில் கிடந்தது. அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, பச்சை வெச்சிருக்கீங்களே!"

"வேற என்னத்த வெக்கச் சொல்றீங்க? இல்லன்னு வெக்கணுமா? இந்தக் கடையிலயா?" நானும் கத்தினேன்.

கத்தியபிறகு விஷயத்தைச் சொன்னேன். நூல் குப்பைக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்போ கடையே பத்திக்கினு எரிஞ்சாலும் என்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"சொல்லுவோம். வெளிச்சமா இருக்குதுன்னு சொல்லுவோம்."

அழுதுகொண்டே சிரித்தாள். பாவி, என்னையும் அழ வைத்துவிட்டாள். அத்தனை பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அந்தச் சேலையில் உட்கார்ந்தோம். சாயங்காலம் கொடுத்தனுப்பினோம். ஆனால் பகலெல்லாம் காத்துக் கிடந்தவர்கள் முதலாளியிடம் பொரிந்து தள்ளிவிட்டுத்தான் போனார்கள். "திங்கக்கிழமை நானே வந்து உக்கார்றேன். அதோட இத முடிச்சுக்கலாம்" என்றார் அவர்.

வந்து உட்கார்ந்தார். சூடம் காட்டியாயிற்று, இன்னும் போணி ஆகவில்லை. மருமகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மாடியில எப்படிமா போய்க்கினு இருக்குது?"

ஆயிடும் என்று சொன்னால், இந்தப் பலகை வெறும் பொய்ப் பலகை என்று கழற்றிவிடுவார். அவளும் வீட்டோடு போய்விடுவாள். இல்லை என்று சொன்னால் என் வேலை போய்விடும். அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள், வேண்டாம் அக்கா என்று தலையை ஆட்டினாள். அவளுக்கு என் வேலையைப் பற்றிய கவலை! அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இல்லீங்க" என்றேன். "நடக்கல. பாதிச் சேலை அப்படியே கெடக்குது. ஆள் பத்தல." சிவப்புப் பொட்டை எடுத்து ஒட்டினேன்.

யாரோ கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. "இன்னும் போணி கூட ஆவல" என்று முதலாளி முனகினார். அதற்குள் சேல்ஸ் மூத்தவர், "எங்களுதும் இல்லீங்க. சும்மா பச்சை ஒட்டிக்கினு இருந்தோம்" என்றார். வீடியோ கால் பெண்ணும், "எங்களுதும்தான் சார்" என்றாள்.

எல்லாம் முடிந்தது என்று மருமகள் பலகையைக் கழற்றவே போய்விட்டாள்.

"இரு, இரு" என்றார் முதலாளி. இத்தனை மாதத்தில் அவர் அவளிடம் கேட்டதெல்லாம் சாப்பிட்டியா, கிளம்பலாமா என்பதுதான். இப்போது நாற்காலியையே அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

"ஆள் பத்தலங்கறாங்க. என்னம்மா பண்ணலாம்?"

அவள் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

மேடம் என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. "உன்னத்தான் கேக்கறாரு. சொல்லுமா" என்று அதட்டினேன்.