நான்காவது தொலைக்காட்சி

"ஹாப்பி பர்த்டே டூ யூ..."

கூடத்திலிருந்து அந்தப் பாட்டு மூன்றாவது முறையாகக் கேட்டது. காலை பத்து மணிக்கு ஒரு குடும்பம், பன்னிரண்டரைக்கு இன்னொன்று, இப்போது ஒரு வயதுக் குழந்தை ஒன்றின் பிறந்தநாள். பாச்சாங் முதியோர் இல்லத்தில் எழுந்து நடமாடக்கூடிய பன்னிரண்டு பேரும், முகம் தெரியாத அந்தக் குழந்தைக்காகத் தொண்டை கட்டிய குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒன்பது பேருக்குச் சர்க்கரை நோய்.

"மூணாவது கேக்கு க்கா," என்று அலுவலக அறைக்குள் தலையை நீட்டினாள் பராமரிப்பாளர் மோகனா. "இன்னும் யாருக்காச்சும் பொறந்தநாள் இருந்தா இப்பவே சொல்லிடணுமாம். அந்தோணிராஜ் அங்கிள் பல்செட்டக் கழட்டி வச்சிட்டுத் தூங்கப் போறாராம்."

மேசைக்குப் பின்னால் இருந்த நன்கொடைப் பொறுப்பாளர் பாட்ரீசியா சிரிக்கவில்லை. அவர் கண்கள் சன்னலுக்கு வெளியே இருந்தன. வாசலில் கிளேபாங் டயர் கடையின் லோரி வந்து நின்றிருந்தது. இரண்டு ஆட்கள் அதிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, டி.வி.யா?" என்றாள் மோகனா. "இருக்குற மூணையே யாரும் பாக்குறதில்ல லா!"

இல்லத்துக்கு வேண்டியது தொலைக்காட்சி அல்ல, ஒரு குளியலறை. பழைய வழவழப்பான தரை. பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பிகூடக் கிடையாது. போன மாதம் பாக்கியலட்சுமி அம்மா அங்கே வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, இன்னும் படுக்கையை விட்டு எழவில்லை. அடுத்து விழப்போவது யாரோ என்ற பயத்தில், தரையெல்லாம் சாக்குப் போட்டு, ஒவ்வொருவரையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டுதான் குளிப்பாட்டுகிறார்கள். அவர் விழுவதற்கு முன்பிருந்தே, எட்டு மாதங்களாகப் பாட்ரீசியா நன்கொடையாளர்களுக்குக் குளியலறை வேண்டுமென்றுதான் எழுதிக்கொண்டிருந்தார். வந்ததெல்லாம் அரிசி, பிரியாணி, கேக், தொலைக்காட்சி. குளியலறை வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்?

இன்று வந்திருப்பவரோ டயர் கடை முதலாளி சுகுமாரன். இரவில் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் தாதிக்கு மாதாமாதம் சம்பளம் தருபவர் அவர்தான். அவர் மனம் கோணினால் அந்தத் தாதியும் போய்விடுவாள்.

மோகனா குரலைத் தாழ்த்தினாள். "க்கா, அவங்கம்மா எப்படிச் செத்தாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. கார்டுல நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க. அத எடுத்து விடுங்க. ரெண்டே நிமிசத்துல ஆளு உருகிடுவாரு."

மேசை மேல் சுகுமாரனுடைய அட்டை இருந்தது. ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் அப்படி ஓர் அட்டை உண்டு. அதில், 'அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இறந்தார். நான் பேச்சை எடுக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. பாட்ரீசியா அதைக் கவிழ்த்து வைத்தார்.

"அது அவரு வீட்டுச் சாவு மோகனா. நம்ம எடுத்துப் புழங்குற சாமான் இல்ல."

இப்படிச் சொல்ல அவருக்கு ஒரு காலத்தில் தெரிந்திருக்கவில்லை. அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், பால்வெட்டுத் தொழிலாளிக்கு மகளாகப் பிறந்தவர் பாட்ரீசியா. ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இருபத்து நான்கு ஆண்டுகள் தொலைபேசியும் தட்டச்சுமாக உழைத்தார். தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்தபோது இந்த இல்லத்துக்குக் கடிதம் அடித்துக் கொடுக்க வந்தார். வந்த புதிதில் அந்தோணிராஜ் அங்கிள் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்த படம் ஒன்றைக் கண்டெடுத்து, உண்டியல் தகர டப்பாக்களில் ஒட்டித் தெங்கேரா பகுதிக் கடைகளில் வைத்தார். தகரங்கள் நிரம்பி வழிந்தன. இல்லமே பாட்ரீசியாவைக் கொண்டாடியது.

அங்கிள் மட்டும் வெளியே போவதை நிறுத்திவிட்டார். ஞாயிறு பூசைக்குக்கூடப் போகவில்லை. ஏன் என்று கேட்டபோது அவர் சொன்னார்:

"அன்னைக்கி வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்தேம்மா. அதப் போயி ஊரெல்லாம் ஒட்டிட்டியே. எங்கூடப் படிச்சவன் அந்தக் கடையிலதான் தெனம் தேத்தண்ணி குடிக்கிறான். நான் பிச்சை எடுக்கிறேனான்னு கேட்டு விட்டிருக்கான்."

பாட்ரீசியா அன்று அழுத அழுகை நிஜமானது. மழையென்றும் பாராமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், இருபத்திரண்டு கடைகளிலும் அந்தப் படத்தைத் தன் நகத்தால் சுரண்டி எடுத்தார்.

அதன் பிறகு அவர் வழியே மாறிவிட்டது. சம்மதம் கேட்காமல் யார் படமும் வெளியே போகாது. பணம் தந்தவருக்கு அந்த வாரமே தொலைபேசியில் நன்றி போகும். அந்த அழைப்பில் வேறெதுவும் கேட்கமாட்டார். தந்தது என்ன ஆயிற்று என்று மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் போகும், நல்லதோ கெட்டதோ. 'நீங்கள் தந்த சக்கர நாற்காலியில் ஒரு சக்கரம் உடைந்துவிட்டது. சமாளித்து ஓட்டுகிறோம்' என்று ஒருமுறை எழுதினார். நிர்வாகக் குழு தலையில் அடித்துக்கொண்டது. அந்த நன்கொடையாளரோ புதுச் சக்கரத்தோடு மறுநாளே வந்து நின்றார்!

சுகுமாரன் உள்ளே வந்தார். கையில் பித்தளைத் தகடு ஒன்று மின்னியது. அதில் அவர் தாயாரின் பெயர்.

"நாளைக்கு அம்மா தெவசம், தங்கச்சி. டி.வி.க்கு மேல இத அடிச்சிடுங்க. எல்லாரும் நிமிந்து பாக்கணும்."

பாட்ரீசியா எழுந்து நின்று சொன்னார். "அண்ணே, மன்னிச்சுக்குங்க. இங்க ஏற்கெனவே மூணு டி.வி. இருக்கு. இதையும் வாங்கி வச்சிட்டு, நல்லா ஓடுதுன்னு உங்களுக்குக் கடிதம் போட என்னால முடியாது. எங்களுக்கு வேண்டியது பாத்ரூம்தான். தரை மாத்தணும், கைப்பிடி வைக்கணும்."

சுகுமாரனின் முகம் சிவந்தது. "எங்கம்மா பேர பாத்ரூம்ல மாட்டச் சொல்றீங்களா?"

"பேரு எங்க வைக்கிறதுங்கறது உங்க இஷ்டம்ண்ணே. வேண்டியது எதுன்னு மட்டும் சொன்னேன்."

"வேணாம்னா நேரா சொல்லிடுங்க. வாங்கிக்க ஆயிரம் எடம் இருக்கு!"

கதவோரம் நின்ற மோகனா கண்ணால் கெஞ்சினாள். சொல்லுங்க க்கா, ஒரே வார்த்தை. பாட்ரீசியா கவிழ்ந்த அட்டையை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

அந்த நேரம் பார்த்துப் பிறந்தநாள் வீட்டுக்காரப் பெண்மணி வந்து, சுகுமாரன் கையில் ஒரு துண்டு கேக்கைத் திணித்துவிட்டுப் போனார். கிரீம் விரலெல்லாம் ஒட்டியது. "கை கழுவணும்," என்று எரிச்சலோடு முனகியபடி அவர் பின்கட்டுக்குப் போனார்.

ஐந்து நிமிடமாகியும் வரவில்லை. பாட்ரீசியா போய்ப் பார்த்தார். குளியலறை வாசலில் சுகுமாரன் சிலையாக நின்றிருந்தார். உள்ளே இரண்டு பராமரிப்பாளர்கள், தூங்கப் போகுமுன் முகம் கழுவிய அந்தோணிராஜ் அங்கிளை ஈரச் சாக்கின் மேல் அடி அடியாக நடத்தி வந்துகொண்டிருந்தார்கள். அங்கிளின் கை, பிடிமானம் தேடி வெறும் சுவரைத் தடவிக்கொண்டிருந்தது. சுகுமாரன் சட்டென்று பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கிளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பியபோது சுகுமாரனின் கன்னம் நனைந்திருந்தது.

"அம்மா விழுந்தத உங்ககிட்ட போன்ல சொல்லி அழுதேனே, தங்கச்சி. அத ஏன் ஞாபகப்படுத்தல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பேனா?"

"நீங்க அழுதது எங்கிட்டண்ணே. இல்லத்துக்கிட்ட இல்ல."

சுகுமாரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டி.வி.யை மறுபடி லோரியில் ஏற்றச் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டார். "புதன்கிழம தரை போடுற ஆளு வருவாரு. கைப்பிடி நானே பாத்து வாங்கியாறேன். பேரெல்லாம் வேணாம். யாரும் விழாம இருந்தா அதுவே அம்மாவுக்குப் போதும்."

"மூணு மாசத்துல கடிதம் போடுவேன்ண்ணே. யாராவது விழுந்தாலும் மறைக்காம எழுதுவேன்."

"எழுதுங்க," என்றார் அவர். "விழுந்தா கட்டாயம் எழுதுங்க. மறுபடி வந்து பாக்கணும்ல."

தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். லோரி சாலையில் திரும்பி மறையும்வரை பாட்ரீசியா வாசலில் கைகூப்பி நின்றார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.